குரலைத் தொடாதே

ராஜகீழ்ப்பாக்கம்
7 ஜூலை 2025

டேய் ஜெர்சன்,

தபாலில் கடிதம் வந்திருக்கிறதே என்று ஆச்சரியப்படாதே. போனில் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். பாதிக் காரணம் கோபம், மீதி டாக்டர். உன் பெயரைப் பார்த்தால் போனை எடுத்துவிடுவேன், எடுத்தால் கத்திவிடுவேன். மூன்று வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கிசுகிசுப்பது கூடக் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, என் குரல் நாண் வீங்கிச் சிவந்து கிடப்பதைத் திரையில் எனக்கே காட்டினார். "என்னம்மா வேலை பாக்கறீங்க, டீச்சரா?" என்று கேட்டார். பேப்பரில் எழுதிக் கொடுத்தேன்: 'தாம்பரத்தில் ஜவுளிக்கடையில் மைக்கில் அறிவிப்பு செய்கிறேன். உறுமிப் பாடும் மெட்டல் பாட்டும் பாடுகிறேன்.' மனுஷன் இரண்டாவது வரியைத் திரும்பவும் படித்தார்.

அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

வாயை மூடிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நேற்று ஹெட்போன் மாட்டி, வேறு பேண்டுகளின் பாட்டை நாம் பாடி யூடியூபில் போட்ட கவர்களை வரிசையாகக் கேட்டேன். மூன்றாவது பாட்டு, அந்த ஸ்வீடன்காரர்களுடையது. நடுவில் நான் நீளமாக உறுமும் இடத்தில், உறுமலுக்குப் பின்னால் 'பூம்' என்று ஏதோ ஊதுகிறது. ரீவைண்ட் செய்து செய்து கேட்டேன். எங்கள் வீட்டுக் குக்கர்! அன்றைக்குப் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் மைக்கை வைத்துப் பாடினேன் இல்லையா, அப்போது அம்மா சமையலறையில் பருப்பு வைத்திருந்தாள். எங்கள் குக்கர் காதைக் கிழிக்கிற மாதிரி கீச்சென்று அடிக்கும். உன் பாட்டில் அது துறைமுகத்துக் கப்பல் மாதிரி ஊதுகிறது. ஏன்டா, எங்க வீட்டு குக்கருக்கு எப்போடா மீசை முளைச்சுது?

குக்கர் இறங்கியிருந்தால் அதே மைக்கில் பாடிய நானும் இறங்கியிருக்கிறேன். என் குரலை ரெண்டு கட்டை கீழே இழுத்து, ஆம்பளைக் குரல் மாதிரி கனமாக்கி மிக்ஸ் செய்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல். ஒரு பாட்டில் மட்டுமா, எல்லாவற்றிலுமா?

என் குரல் போதாது என்று நினைத்தாயா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது. வீட்டுப் பக்கம் வராதே. வந்தால் பேசிவிடுவேன்.

தீபலட்சுமி
(முழுப் பெயர்தான். கோபமாக இருக்கிறேன்.)


கீழ்க்கட்டளை
12 ஜூலை 2025

அன்புள்ள தீபா,

டாக்டர் சொன்னதைப் படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா? வெந்நீர் நிறையக் குடி. மிளகாய் பஜ்ஜி பக்கமே போகாதே, உன்னைப் பற்றித் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், இறக்கினேன். எல்லாப் பாட்டிலும். ஆனால் நீ நினைக்கிற மாதிரி அது திருட்டுத்தனம் இல்லை, தீபா. மிக்ஸ் செய்கிறவன் வேலையே அதுதான். எங்கள் சர்ச்சில் ஈவ்லின் ஆன்ட்டி தனிப் பாட்டு பாடுகிறாரே, மேல் சுரம் வந்தால் சறுக்கிவிடுவார். நான் சவுண்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டி நேராக்கிவிடுவேன். எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன். அவருக்கும் தெரியாது, சபைக்கும் தெரியாது, எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். கம்பெனியில் வெல்டிங் பிசிறு இருந்தால் தேய்த்துவிட்டுத்தான் அனுப்புவோம். அது மாதிரிதான் இதையும் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். முதல் கவர் போட்ட அன்றைக்கு அசிங்கமாகக் கமென்ட் வந்தது. 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை', 'பல்லு வலியா அக்கா', இந்த மாதிரி. நீ பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் குரலைக் கனமாக்கி அதையே திரும்பப் போட்டேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. நீயும் கேட்டுவிட்டு "டேய், இது நானாடா!" என்று குதித்தாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 14 பல்லாவரம் ஹாலில் நம் பேண்டின் நிகழ்ச்சி. கிட்டார் மெர்வின் தினமும் கேட்கிறான், தீபா வருவாளா மாட்டாளா என்று. நான் என்ன சொல்ல?

ஜெர்சன்


ராஜகீழ்ப்பாக்கம்
18 ஜூலை 2025

ஜெர்சா,

ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பஜ்ஜி இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது, ஈவ்லின் ஆன்ட்டி இருக்கிறார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் காணோம்.

கமென்டை அழித்தாயாமே! உன்னை என்ன செய்தால் தகும்? தீபாவளி கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். 'குழந்தையைக் காணோம்' என்று அறிவித்துக்கொண்டிருக்கும்போதே ஜாக்கெட் பிட் எங்கே என்று சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பல்லு வலியா என்று எவனோ கேட்டால் அழுதுவிடுவேனா? 'ஆமாம் தம்பி, கடைவாய்ப் பல்' என்று பதில் போட்டிருப்பேன்.

ஆனால் அதற்காக நான் கொதிக்கவில்லை. உனக்கு ஏன் புரியவில்லை என்று தெரியவில்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? யூடியூபில் வெளிநாட்டுக்காரன் அவன் பாஷையில் தொண்டையைக் காட்டுவான். மற்றபடி என் வாத்தியார் என்னுடைய பழைய கவர்தான். ஒரு பாட்டைப் பாடுவேன், நீ முடித்துக் கொடுப்பதைக் கேட்பேன். சரி, இவ்வளவு கீழே போயிருக்கிறோம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று முயற்சி செய்வேன். ரெண்டாவது கவரில் கேட்ட ஆழத்தை மூன்றாவதில் தாண்டப் பார்த்தேன். வரவில்லை. அன்றைக்கு வந்தது இன்றைக்கு ஏன் வரவில்லை, சோம்பேறியாகிவிட்டோம் போல என்று தொண்டையை நெரித்து நெரித்துப் பாடினேன். நீ அதையும் கீழே இறக்கிக் கொடுத்தாய். நாலாவதில் அதையும் தாண்டப் பார்த்தேன். அஞ்சாவது பாட்டு பாடிய அன்று எச்சிலில் ரத்த வாடை. அப்போதும் உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய் என்று.

நான் இல்லாத ஒருத்தியை நீ செய்து வைத்தாய். அவளைப் பிடிக்க ஓடி என் தொண்டையைக் கிழித்துக்கொண்டேன்.

கடையில் இப்போது மைக் சினேகா கையில். நான் முதல் மாடியில் வாய் பேசாமல் புடவை மடிக்கிறேன். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்மா, ஆடி கூட்டம் வருது, அப்புறம் அந்தப் பொண்ணையே வெச்சுக்குவேன்" என்கிறார் முதலாளி. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

நான் பாடியதை எதுவும் செய்யாமல், பாடினது பாடின மாதிரி எனக்கு அனுப்பு. அஞ்சு பாட்டும். நான் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தீபா


கீழ்க்கட்டளை
25 ஜூலை 2025

தீபா,

இதோடு ஒரு மெமரி கார்டு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பார்த்துப் பிரி. அஞ்சு பாட்டும் இருக்கிறது, வெறும் குரல் மட்டும், நீ பாடினது பாடினபடி. குக்கர் உட்பட.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போய் வந்தேன், ஒன்றும் ஓடவில்லை. ரத்த வாடை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்துக்கு மேல் போக முடியாமல் மடித்து வைத்து, திரும்ப எடுத்துப் படித்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உனக்குக் குழி வெட்டியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

கார்டில் ஏற்றும்போது அஞ்சையும் முழுசாகக் கேட்டேன். எந்தப் பட்டனையும் தொடாமல் உன்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை. எப்போதும் கேட்கும்போதே கை வேலையை ஆரம்பித்துவிடும்.

உன் கேள்விக்குப் பதில். முதல் பாட்டில் போதாதுதான். நீ பாடவில்லை, தெருவில் ஆட்டோக்காரரோடு சண்டை போடுகிற மாதிரி கத்தினாய். ரெண்டாவதில் பாதி இடங்களில் மூச்சு சரியாக விழுந்திருக்கிறது, சொற்கள் பல்லில் பட்டுத் தெறிக்கின்றன. மூன்றாவதில், தீபா, நல்லாவே இருக்கிறது. நான் இறக்கின குரல் மாதிரி கனம் இல்லை, வேறு எதுவோ மாதிரி இருக்கிறது. மேலே, கூர்மையாக, ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி. போதும், தாராளமாகப் போதும். அப்படியும் இறக்கினேன். ஏனென்றால் முந்தைய ரெண்டையும் இறக்கியிருந்தேன், இதை விட்டால் வித்தியாசம் தெரிந்துவிடுமே என்று பயம். நாலும் அஞ்சும் கேட்கவே முடியவில்லை. நீ வலிக்க வலிக்கப் பாடுவது நன்றாகத் தெரிகிறது. நான் காதை எங்கே வைத்திருந்தேன்?

மெர்வினிடம் பேசினேன். கிட்டாரை மேலே ஏற்றி ட்யூன் செய்தால் பாட்டு உன் குரலுக்குப் பக்கத்தில் வரும். செய்யலாமா? இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

ஜெர்சன்


ராஜகீழ்ப்பாக்கம்
13 ஆகஸ்ட் 2025

ஜெர்சா,

உடனே பதில் போடவில்லை என்று பயந்திருப்பாய். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் விட்டேன்.

முதலில் நல்ல செய்தி. டாக்டர் திரும்பக் குழாய் விட்டுப் பார்த்தார். வீக்கம் இறங்கிவிட்டது. "பேசலாம். பாடறதுன்னா வலிக்கிற மாதிரி ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதலில் பேசிய வார்த்தை "பசிக்குது". மூன்று வாரம் சைகையில் சண்டை போட்டவள் அல்லவா, அம்மா அழுதுவிட்டாள். நானும்தான்.

அடுத்த நாளே முதலாளியிடம் போனேன். "பேசிக் காட்டு" என்றார். கூட்டத்துக்கு நடுவில் மைக்கை வாங்கி, "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, முகூர்த்தப் பட்டு ரகங்கள் இரண்டாவது மாடியில்" என்று தேன் ஒழுகச் சொன்னேன். சினேகாதான் முதலில் கை தட்டினாள், மைக்கை எப்போது திருப்பிக் கொடுப்போம் என்றிருந்தாளாம். வேலை திரும்பக் கிடைத்தது.

நீ அனுப்பியதைக் கேட்டேன். முதல் பாட்டு சகிக்கவில்லை, நீ சொன்னது கொஞ்சம்தான். மூன்றாவதில் அந்த நீளமான இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது நான்தான். முன்னே நீ போட்டுக் காட்டி நான் குதித்தேனே, அதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்தாயேடா பாவி.

இப்போது முதலிலிருந்து பழகுகிறேன். சத்தமே வேண்டாம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஊதுவோமே, அந்த மூச்சுதான் ஆரம்பம். தொண்டை சும்மா கிடக்க வேண்டும், வயிறுதான் வேலை செய்ய வேண்டும். பேசுகிற அளவு சத்தத்தில் உறுமினாலே மைக் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நான் இத்தனை நாளும் தெருக்கோடிக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கடை ஸ்டோர் ரூமில் பட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழகுகிறேன். மூட்டைகள் எல்லாம் நல்ல ரசிகர்கள், ஒன்றும் சொல்வதில்லை. தொண்டையில் லேசாகக் கரகரத்தால் உடனே நிறுத்திவிடுகிறேன். அந்த ரம்பக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. இறக்காமல்.

நிகழ்ச்சிக்கு வருகிறேன். கிட்டாரை ஏற்ற வேண்டாம் என்று மெர்வினிடம் சொல். அவர்கள் கீழேயே வாசிக்கட்டும், நான் மேலே நின்றுகொள்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. டெஸ்க்கில் நீதான் உட்கார வேண்டும், வேறு யாரும் வேண்டாம். என் குரலைத் தொடக் கூடாது. குரல் உடைந்தாலும் தொடக் கூடாது. கிட்டார் சத்தத்தைத் தூக்கி என்னை மூடக் கூடாது, எதிரொலி போட்டுப் பூசக் கூடாது. உடைந்தால் உடைந்தது எல்லாருக்கும் கேட்கட்டும். உன்னால் முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல், நான் வரவில்லை.

தீபா


கீழ்க்கட்டளை
26 ஆகஸ்ட் 2025

தீபா,

'பசிக்குது' என்ற வார்த்தையைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "ஜெர்சா, யார்கிட்ட இருந்துடா லெட்டர்?" என்றார். எல்.ஐ.சி. என்றேன். எல்.ஐ.சி. கடிதத்துக்கு யாராவது சிரிப்பார்களா? நம்பவில்லை.

முடியுமா என்று கேட்டாய். எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஈவ்லின் ஆன்ட்டி பாடும்போது பட்டனைத் தொடாமல் இருந்தேன். மேல் சுரம் வந்தது, சறுக்கியது, சபை முழுக்கக் கேட்டது. நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முடிந்ததும் ஆன்ட்டி நேராக டெஸ்க்குக்கு வந்து, "தம்பி, உன் மைக்ல இன்னைக்கு ஏதோ கோளாறு, பாத்து ரிப்பேர் பண்ணு" என்றார். "சரி ஆன்ட்டி" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து திரும்பத் தட்டிவிடுவேன், அவருக்கு அது வேண்டும் போலிருக்கிறது. நீ வேண்டாம் என்கிறாய். இவ்வளவுதான் விஷயம், கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. உன் குரல் உடையும் என்று இல்லை. உடைந்தால் என் கை சும்மா இருக்காது. பதினைந்து வயசிலிருந்து பழகின கை. யாராவது தடுமாறினால் பிடித்துவிடும், மூளையைக் கேட்காது.

ஆனாலும் சரி. நான் உட்காருகிறேன். தொட மாட்டேன்.

ஜெர்சன்


கீழ்க்கட்டளை
16 செப்டம்பர் 2025

தீபா,

ஹாலில் உன்னிடம் பேசவே முடியவில்லை. நான் ஒயரைச் சுற்றி முடிப்பதற்குள் உன் அம்மா உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நீ தூரத்திலிருந்து கையை மட்டும் ஆட்டினாய். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் ரெண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

முதல் ரெண்டு பாட்டும் பிரமாதம், அது உனக்கே தெரியும். என் பக்கத்தில் நின்ற பையன் ஒருத்தன், "இன்னா மச்சான் இது, அந்த அக்காவா இப்டி பாடுது?" என்று மேடைக்குப் பின்னால் வேறு யாராவது பாடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது பாட்டு, அந்த நீளமான இடம். நீ மூச்சு இழுத்தது தெரிந்தது. பாதியில் குரல் கீச்சென்று உடைந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. கிட்டார் மட்டும் ஓடியது. ஹால் முழுக்க உன் வெறும் மூச்சு கேட்டது. டெஸ்க்கில் என் விரல் மெர்வினின் கிட்டார் பட்டன் மேல் போய்விட்டது, தீபா. கொஞ்சம் தூக்கியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. கையை இழுத்து, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னால் காப்பாற்றியிருக்க முடியும். காப்பாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

நீ தண்ணீர் குடித்தாய். அடுத்த வரியில் உள்ளே வந்தாய். அதற்கப்புறம் பாட்டு முடிகிற வரைக்கும் நான் கையை வெளியே எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் செய்தது சரிதானா? தயவுசெய்து பதில் போடு.

ஜெர்சன்


ராஜகீழ்ப்பாக்கம்
20 செப்டம்பர் 2025

என் ஜெர்சாவுக்கு,

தொண்டை நன்றாக இருக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. மறுநாள் கடையில் வழக்கம்போல் முகூர்த்தப் பட்டை ரெண்டாவது மாடிக்கு அனுப்பினேன். கை ஆட்டியதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, அம்மா ஆட்டோவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள், விழாமல் இருக்க ஆட்டினேன். இதற்குப் போய் ரெண்டு நாள் தூங்காமல் கிடந்தாயா, லூசு.

குரல் உடைந்தது ஏன் என்று தெரியும். கூட்டத்தைப் பார்த்த குஷியில் பழைய புத்தி வந்து, கீழே போய்க் காட்டலாம் என்று அழுத்திவிட்டேன். தொண்டை உடனே 'வேண்டாம்' என்றது. முன்பு மாதிரி மேலே ஏறி மிதிக்காமல் விட்டுவிட்டேன். அந்த வரி போனால் போகட்டும் என்று விட்டதால்தான் அடுத்த வரி இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். குரல் போனதும் காலுக்குக் கீழே மேடையே இல்லாத மாதிரி இருந்தது. யாரோ சிரித்தது எனக்கும் கேட்டது. உடனே உன்னைத்தான் பார்த்தேன். இதோ மூடப் போகிறான், கிட்டார் பொங்கி வந்து என்னை முழுங்கப் போகிறது என்று காத்திருந்தேன். நீ மூடினால் பாட்டைப் பாதியில் விட்டு இறங்கிப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன். வரவில்லை. என் மூச்சுதான் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. நீ கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் வியர்வை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

இவன் இவ்வளவு பயந்துகொண்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றால், நான் திரும்பி வருவேன் என்று நினைக்கிறான். தண்ணீரை எடுத்துக் குடித்தபோது அதைத்தான் நினைத்தேன்.

ஜூலையில் ஒரு கேள்வி கேட்டேன். நீ முதலில் மழுப்பினாய், அப்புறம் பதில் எழுதினாய், ரெண்டையும் படித்தேன். ஆனால் பதில் எனக்கு அந்த மேடையில்தான் கிடைத்தது. போதும்டா. என் குரல் எனக்குப் போதும்.

தீபா